மூன்றாம் இடத்துக் கிளைசின்

திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் என்கிற உவர்மலையிலிருந்து உள்துறைமுகப் பக்கம் இறங்கினால் கரையோரம் படகு கட்டிய வடங்கள் கிடக்கும். அறுந்த நுனி ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். மூன்று புரி இருக்கும். ஒவ்வொரு புரியும் தனக்குள் ஒரு பக்கமாக முறுகியிருக்கும். மூன்றும் சேர்ந்து அதற்கு எதிர்ப்பக்கமாக முறுகியிருக்கும். வடம் தானாகப் பிரிந்துபோகாமல் நிற்பது இந்த எதிர்முறுக்கால்தான். நம் தோலையும் தசைநாணையும் எலும்பையும் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தின் கட்டும் இதுவே. இழைகள் மூன்று, தனித்தனியே இடஞ்சுழி, சேர்ந்த முறுக்கு வலஞ்சுழி.

இந்தக் கட்டைக் கண்டு சொன்ன ஊர் சென்னை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிகப் பேராசிரியராக வந்த ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய ஆய்வுத் துணைவர் கோபிநாத் கர்த்தாவும், கங்காரு வால் தசைநாணின் எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்து 1954இல் ‘நேச்சர்’ இதழில் மூவிழை அமைப்பை வெளியிட்டார்கள். மூன்றும் ஒன்றையொன்று சுற்றும் முறுக்கை அடுத்த ஆண்டே சேர்த்துக்கொண்டார்கள். இழைகளுக்கிடையே ஐதரசன் பிணைப்பு ஒன்றா இரண்டா என்று ரிச், கிரிக் என்ற ஆய்வாளர் இருவரோடும் நடந்த வாதம் தனிக்கதை. எனக்கு அதைவிட இனிப்பது இராமச்சந்திரனும் கர்த்தாவும் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்ட ஒரு நுணுக்கம். கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அப்படியானால் அது கண்டபடி சிதறியிருக்க முடியாது, இழையின் ஒவ்வொரு மூன்றாம் இடமும் கிளைசினுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஏனென்றால் மூன்று இழைகளும் நெருங்கும் நடு அச்சில் ஓர் ஐதரசன் அணுவுக்குத்தான் இடம். மற்ற அமினோ அமிலங்கள் தத்தம் பக்கச் சங்கிலியோடு வரும்; கிளைசினுக்கு அந்த இடத்தில் இருப்பது வெறும் ஐதரசன். இல்லாமையே அதன் தகுதி. ஒரு கிளைசினின் இடத்தில் வேறோர் அமினோ அமிலம் வந்துவிட்டாலும் எலும்பு நொறுங்கும் பிறவி நோய் வரக்கூடும்.

இயற்கை இழை ஆயிரம் அமினோ அமில நீளம். அந்த முறுக்கைக் காண முப்பதே போதும் என்று காட்டியது செயற்கைப் பெப்டைட், அதாவது அமினோ அமிலங்களைக் கோத்த சிறு தொடர். 1968இல் ஜப்பானில் சகாகிபாரா குழுவினர் புரோலின், புரோலின், கிளைசின் என்ற மூன்றையே திரும்பத் திரும்பக் கோத்து, அளவெடுத்த நீளத்தில் செய்தார்கள். பத்து முறை கோத்த சிறு இழையைக் கரைசலில் விட்டால் மூன்று மூன்றாகத் தானே முறுகிக்கொள்ளும்.

இரண்டாவது புரோலினில் ஒரே ஓர் ஒட்சிசனைச் சேர்த்தால் அது ஐதரொட்சிப்புரோலின். 1998இல் ரெயின்ஸ் குழுவினர் அளந்தபோது, ஒட்சிசன் இல்லாத இழைக்கட்டு 41 பாகை செல்சியஸில் பிரிந்தது. ஒட்சிசன் உள்ளது 69 வரை தாங்கியது. ஒட்சிசனுக்குப் பதில் புளோரின் வைத்தது 91. நீர் மூலக்கூறுகள் பாலம் போட்டுத்தான் முறுக்கு உறுதியாகிறது என்று நம்பியிருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி, ஏனென்றால் புளோரின் அப்படி நீரைப் பிடித்துவைப்பதில்லை. அந்த அணு செய்வது, புரோலின் வளையத்தை முறுக்குக்கு ஏற்ற வாகில் முன்கூட்டியே வளைத்து வைப்பது.

உடலுக்குள் அந்த ஒட்சிசனைச் சேர்க்கும் நொதியத்துக்கு விற்றமின் சி வேண்டும். திருமலைத் துறைமுகத்துக்காக ஐரோப்பியர் மாறி மாறி மோதிய நூற்றாண்டில் கப்பல்காரரை ஸ்கர்வி நோய் தின்றது அது கிடைக்காமற்போனதால்தான். 1740களில் கப்பல் தலைவர் அன்சனின் உலகப் பயணத்தில், ஐம்பது ஆண்டுக்கு முன் ஆறிய போர்க்காயம் ஒருவருக்கு மறுபடி வாய்திறந்ததாகப் பதிவு உண்டு. ஆறிய தழும்பும் ஓயாமல் புதுப்பிக்கப்படும் இடம் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

மீனிலும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். குளிர்க்கடல் காட் மீனில் ஐதரொட்சிப்புரோலின் குறைவு. அதன் கொலாஜன் 15 பாகையளவிலேயே பிரியும். அதை வைத்துக்கொண்டு கொட்டியார்க் குடாவின் இளஞ்சூட்டு நீரில் எந்த மீனும் நீந்த முடியாது. நம் கடல் மீனுக்கு அந்த ஒட்சிசன் கூடுதல். மீன் தலைக்கறி மறுநாள் பிரிட்ஜிலிருந்து எடுக்கும்போது தளதளவென்று உறைந்திருப்பதும், அடுப்பில் பிரிந்த இழைகள் குளிரில் அங்கங்கே மீண்டும் முறுகிக்கொள்வதால்தான்.

காயம்பட்ட இடத்தில் கொலாஜன் இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. அங்கே ஒற்றைச் செயற்கை இழை போனால் துணை தேடி அதனோடு முறுகிக்கொள்ளும்; முழுதாக இருக்கும் கொலாஜனை அது சீண்டுவதில்லை. இந்தத் தேர்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பெப்டைட் தன் இனத்தோடே முறுகிவிட்டால் பயனில்லை. ஆகவே 80 பாகையில் ஐந்து நிமிடம் சூடாக்கி, பிரித்து, உடனே பனிநீரில் அமிழ்த்தி, மறுபடி சேர்வதற்குள் திசுமேல் விடுகிறார்கள். மைக்கேல் யூ குழுவினர் 2012இல் வெளியிட்ட வழி இன்னும் நயமானது: ஒளி பட்டால் கழன்றுவிடும் ஒரு தடையை இழையில் பொருத்தி, எலிக்குச் செலுத்தும் தறுவாயில் புறஊதா ஒளி காட்டித் தடையைக் கழற்றினார்கள். ரெயின்ஸ் குழுவினரோ இத்தகைய இழையில் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற நரம்புப் பெப்டைடைக் கட்டி, நீரிழிவு எலிகளின் காயத்தில் அது தங்கும்படி செய்தார்கள். எல்லாம் ஆய்வுக்கூடத்து வேலை. காயம் ஆற்றும் பெப்டைட் என்று குப்பியில் விலைக்கு வருவதை இந்த ஆய்வுகளின் பெயரால் எவரும் உடம்பில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

2017இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எலி வால் தசைநாணைக் கருவியில் பூட்டி, வெவ்வேறு அளவுக்கு இழுத்து, ஒளிரும் சாயம் கோத்த இந்தப் பெப்டைடில் ஊறவிட்டார்கள். அறாமல் முழுசாகத் தெரிந்த நாணிலும் எங்கெங்கே இழை பிரிந்திருக்கிறது என்பதைச் சாயம் காட்டிக் கொடுத்தது. எந்த இழுப்பில் சேதம் தொடங்குகிறது என்பதையும் அதை வைத்தே அளந்தார்கள்.