அளந்து செய்த மௌனம்

ஓவியர் பியேரோ தெல்லா பிரான்செஸ்கா எழுதிய கணக்கு நூலில் பீப்பாய்க் கணக்கு ஒன்று வருகிறது. இரு முனைகளிலும் விட்டம் இவ்வளவு, வயிறு பருத்த நடுவிடத்தில் இவ்வளவு, நீளம் இவ்வளவு. அப்படியானால் பீப்பாய் எவ்வளவு கொள்ளும்? 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பீப்பாயும் மூட்டையும் ஊருக்கு ஊர் வேறு அளவில் இருந்தன. பார்த்தவுடன் கொள்ளளவை மதிப்பிடத் தெரியாதவர் வணிகத்தில் நிலைக்க முடியாது. பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத்தரவே 'அபாக்கோ' பள்ளிகள் நடந்தன. மைக்கேல் பாக்ஸண்டால் என்ற கலை வரலாற்றாசிரியர் 1972இல் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டினார். பீப்பாயை மதிப்பிட்ட அதே கண்ணோடுதான் அன்றைய வணிகர் ஓவியத்தின் முன்னும் நின்றார் என்பது அவர் வாதம். பியேரோவைப் பற்றிக் குவிந்திருக்கும் எழுத்தில் எனக்கு அதிக வெளிச்சம் தந்தது இந்தப் பீப்பாய்தான்.

அந்த எழுத்து ஒரு மலை. அதில் மூன்று தடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆவணம் தேடுவோர், படத்தின் மறைபொருள் தேடுவோர், கணிதம் வழியே வருவோர். ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்புகளை ஓரக்கண்ணால் பார்த்தபடியே நடந்திருக்கிறது.

ஆவணக்காரர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. பியேரோவின் முதல் வரலாற்றை எழுதிய வசாரி, தந்தை முன்பே இறந்ததால் தாயின் பெயரால் அவர் அழைக்கப்பட்டார் என்று எழுதிவிட்டார். பியேரோவின் சொந்த ஊரான சான்செபோல்க்ரோவின் பழைய பத்திரங்கள் வேறு சொல்கின்றன. தோல் வணிகரான தந்தை பெனெதெத்தோ 1464 வரை உயிரோடிருந்தார். தாயின் பெயர் ரோமானா, அருகிலுள்ள மொந்தெர்க்கியைச் சேர்ந்தவர். ஜேம்ஸ் பாங்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பல செய்திகளைத் தோண்டி எடுத்தார். 1431இல் ஊர்வல மெழுகுவத்திக் கம்பங்களுக்கு வண்ணம் பூசியதற்காகப் பியேரோவுக்குக் கூலி கொடுத்த குறிப்பு இருக்கிறது. 1439இல் அவர் ஃபிளாரன்ஸில் ஓவியர் தொமேனிகோ வெனேட்சியானோவோடு வேலை செய்கிறார். 1445இல் சொந்த ஊர்ச் சபை ஒன்று பீட ஓவியம் கேட்டு ஒப்பந்தம் போடுகிறது. மூன்று ஆண்டில் முடிக்க வேண்டும், பியேரோவைத் தவிர வேறு எவரும் தூரிகையைத் தொடக் கூடாது, பத்து ஆண்டுகளுக்குள் பழுது வந்தால் அவரே சரிசெய்ய வேண்டும் என்பவை நிபந்தனைகள். வேலை 15 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. அவசரப்படத் தெரியாத மனிதர் அவர்.

இந்த நிதானம் சோம்பலால் வந்ததில்லை என்பதற்கு அரெட்சோ ஊரின் புனித பிரான்சிஸ்கு ஆலயமே சாட்சி. திருச்சிலுவையின் கதையை அங்கே சுவர்களில் தீட்டத் தொடங்கிய பிச்சி தி லொரென்சோ 1452இல் இறந்தார். பியேரோ வேலையை ஏற்று 1466க்குள் முடித்தார். சுதையோவியத்தில் சுண்ணம் காய்வதற்குள் வண்ணம் ஏற வேண்டும். அன்றன்றைய வேலைக்கு அன்றன்றைய பூச்சு. பியேரோ ஈரத்துணி போட்டுச் சுவரைக் காயவிடாமல் வைத்திருந்தார். துணி அழுந்திய தடத்தைப் பிற்காலத்தில் சுவரைச் சீரமைத்தவர்கள் பார்த்தார்கள். வரைபடத்தாளில் கோட்டின் மேல் ஊசித்துளையிட்டு, கரித்தூள் தட்டி, உருவத்தைச் சுவரில் இறக்கினார். மொந்தெர்க்கியில் கருவுற்ற மாதாவின் இருபுறமும் கூடாரத் திரையை விலக்கி நிற்கும் இரண்டு தேவதூதர்கள் ஒரே தாளிலிருந்து வந்தவர்கள். தாளைத் திருப்பிப் போட்டார், வலம் இடமானது. ஆனாலும் அந்தச் சுவரில் சிக்கனத்தின் சாயலே இல்லை. விலகிய திரைக்கு நடுவே, நீல அங்கியின் பிளவில் விரல்களை வைத்து நிற்கும் அந்தப் பெண்ணுக்கு அந்தச் சமநிலை மட்டுமே போதுமானதாக இருக்கிறது.

அரெட்சோவில் கான்ஸ்தந்தீன் பேரரசன் கனவு காணும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். இரவு. உருளை உடலும் கூம்புத் தலையும் கொண்ட கூடாரம், நட்டநடுவே ஒரு கம்பம். அரசன் தூங்குகிறான். கட்டிலடியில் ஒரு பணியாள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். முன்னால் இரண்டு காவலர். இடப்பக்க மேல்மூலையிலிருந்து தேவதூதன் தலைகீழாகப் பாய்கிறான். படத்தின் வெளிச்சம் எல்லாம் அவனிடமிருந்தே வருகிறது. இவ்வளவு பெரிய அற்புதம் நடக்கிறது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பீப்பாயை அளந்த மனிதருக்குத்தான் இப்படிக் கூடாரம் போட வரும். எத்தனை முழம் துணி ஆகும் என்று தையற்காரர் கணக்குச் சொல்லிவிடலாம், அவ்வளவு கச்சிதம். அந்தக் கச்சிதமே அமைதியாக மாறிவிடுகிறது.

மறைபொருள் தேடுவோரின் போர்க்களம் உர்பினோவில் உள்ள 'கசையடி'. 58 செ.மீ. உயரமும் 81 செ.மீ. அகலமும் கொண்ட சிறிய பலகை. இடப்பக்கம் உள்ளே தள்ளி, தூண் மண்டபத்தில் இயேசுவை அடிக்கிறார்கள்; பிலாத்து பார்த்துக்கொண்டிருக்கிறான். வலப்பக்கம் முன்னால் மூன்று பேர், பின்னால் நடப்பதற்கும் தங்களுக்கும் தொடர்பில்லாததுபோல் நிற்கிறார்கள். யார் இவர்கள்? 1444இல் கொலையான இளவரசன் ஒத்தாந்தோனியோவும் அவனைக் கெடுத்த ஆலோசகர்களும் என்றது உர்பினோவின் பழைய மரபு. பிலாத்துவின் தொப்பி பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவானுடையது, ஆகவே இது 1453இல் கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்த துயரம் என்றனர் வேறு சிலர். வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1981இல் துப்பறிவாளரைப் போல ஒவ்வொருவருக்கும் பெயர் வைத்தார். கலை வரலாற்றாசிரியர் போப்-ஹென்னெஸி 1986இல் அடி வாங்குபவர் இயேசுவே இல்லை, புனித எரோணிமுஸ் கண்ட கனவு இது என்று வாதிட்டார்.

எல்லாவற்றையும் மரியாதையோடு படித்திருக்கிறேன். கின்ஸ்பர்க்கின் நூல் தரும் பரபரப்பும் பிடிக்கும். ஆனால் பெயர் கிடைத்த பிறகு படத்தின் முன் திரும்பி வந்தால், அந்த மூவரும் முன்பு போலவே வாய் திறக்காமல் நிற்கிறார்கள். 1953இல் விட்கோவர், கார்ட்டர் என்ற ஆய்வாளர்கள் வேறொன்றைச் செய்தார்கள். படத்தில் உள்ள தரைக்கற்களைக் கொண்டு அந்த மண்டபத்தின் தளவரைபடத்தையே மீட்டு வரைந்தார்கள். ஒரு கல் தப்பவில்லை. கண்ணுக்குத் தட்டையாகக் குறுகித் தெரியும் தரையில், இயேசு நிற்கும் இடத்தைச் சுற்றி முழுமையான ஒரு வடிவம் ஒளிந்திருந்தது. இயேசுவின் தலைக்கு மேலே கூரையில் ஒரு கட்டம் மட்டும் தனியாக ஒளிர்கிறது. அதற்கு ஒளி எங்கிருந்து வருகிறது என்று படம் காட்டவில்லை. மண்டபத்தில் உள்ள ஒளியும் வெளியே மூவர் மேல் விழும் ஒளியும் வேறு திசைகளிலிருந்து வருகின்றன. இரண்டு காலங்கள் ஒரே பலகையில் இருக்கின்றன என்பதை அளவும் ஒளியுமே சொல்லிவிடுகின்றன. என் கட்சி இதுதான்.

பியேரோவே இதற்குச் சாவி தந்திருக்கிறார். ஓவியர்களுக்காக எழுதிய பெர்ஸ்பெக்டிவ் (தட்டைப் பரப்பில் தொலைவைக் காட்டும் முறை) நூலில் மனிதத் தலையை வரையும் முறையை எழுதியிருக்கிறார். தலையைக் கிடைமட்டமாக அடுக்கடுக்காக வெட்டியதுபோல் கோடிட்டு, ஒவ்வொரு அடுக்கின் விளிம்பிலும் புள்ளி வைத்து, எண் கொடுத்து, பிறகு அந்தத் தலையைச் சாய்த்து, ஒவ்வொரு புள்ளியையும் புதிய இடத்துக்குக் கொண்டுபோகிறார். ஒரு காதுமடலுக்கு இத்தனை பாடு. அவர் தீட்டிய முகங்களில் கோபமோ அழுகையோ பொங்காததற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆர்க்கிமிடீஸின் நூல்களை வரைபடங்களோடு அவர் தன் கையாலேயே படியெடுத்த சுவடி ஃபிளாரன்ஸில் இருக்கிறது. அது பியேரோவின் கை என்று கண்டுசொன்னவரும் பாங்கர்தான். ஐந்து சீர் திண்மங்களைப் பற்றிய பியேரோவின் நூலை, சான்செபோல்க்ரோக்காரரான லூக்கா பச்சோலி இத்தாலிய மொழியில் தன் 1509 நூலோடு சேர்த்து அச்சிட்டார். பியேரோவின் பெயரை அதற்குப் போடவில்லை. பச்சோலி திருடிவிட்டார் என்று வசாரி கொதித்தார். அந்தக் கொதிப்பில் நியாயம் இருக்கிறது.

பிறகு பியேரோ நெடுங்காலம் கவனிப்பாரற்றுப் போனார். ரோமிலும் ஃபெர்ராராவிலும் தீட்டியவை அழிந்தன. மிஞ்சியவை சிற்றூர்ச் சுவர்களில் இருந்தன. 1861இல் லண்டன் நேஷனல் கேலரி 'திருமுழுக்கு' படத்தை வாங்கியது ஒரு திருப்பம். வடிவமும் வண்ணமும் அளவின் வழியே ஒன்றாகும் கலை இது என்று கலை வரலாற்றாசிரியர் ரொபெர்த்தோ லோங்கி 1927இல் எழுதிய நூல் அடுத்த திருப்பம். அதற்கு இரண்டாண்டு முன்பே, சான்செபோல்க்ரோ நகர்மன்றச் சுவரில் உள்ள 'உயிர்த்தெழுதல்' உலகின் தலைசிறந்த ஓவியம் என்று எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார். 1944இல் அந்த ஊரின் மேல் பீரங்கி சுட்டுக்கொண்டிருந்த டோனி கிளார்க் என்ற பிரிட்டிஷ் அதிகாரிக்கு அந்தக் கட்டுரை நினைவு வந்தது. சுடுவதை நிறுத்தச் சொன்னார். ஊர் தப்பியது, அங்கே ஒரு தெரு இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. கலை விமர்சனத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது.

2024இல் மிலான் நகரின் போல்தி பெத்சோலி அருங்காட்சியகம், சிதறிக்கிடந்த பியேரோவின் புனித அகுஸ்தினார் பீட ஓவியத்தின் எஞ்சிய எட்டுப் பலகைகளில் தன்னிடம் இல்லாதவற்றை நியூயார்க், வாஷிங்டன், லிஸ்பன், லண்டன் நகரங்களிலிருந்து வரவழைத்து, எட்டையும் ஒன்றாக வைத்தது. நடுப்பலகை கிடைக்கவேயில்லை. ஓரத்துப் புனிதர்கள் தங்கள் இடங்களில் நின்றார்கள், நடுவில் வெற்றிடம்.

1487இல் உயில் எழுதும்போது உடலும் மனமும் நலமாக இருப்பதாகப் பியேரோ சொல்கிறார். 1492 அக்டோபர் 12 அன்று இறந்தார். கடைசிக் காலத்தில் அவருக்குப் பார்வை போய்விட்டதாகச் சொல்வார்கள். 16ஆம் நூற்றாண்டு நடுவில் சான்செபோல்க்ரோக்காரர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பில், மார்க்கோ என்ற முதியவர் சொன்ன சேதி இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது, கண் தெரியாத பியேரோவைக் கையைப் பிடித்து அவர்தான் தெருவில் அழைத்துப் போவாராம். அந்த மார்க்கோ விளக்குக் கூண்டு செய்யும் தொழிலாளி.