படத்துக்கு வெளியே நிற்கும் அக்கா

புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் போன அன்பர்களுக்குத் தெரியும். அங்கே குகைத் தூண்களில் இரண்டு நங்கையர் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அம்ரிதா ஷெர்கில் 1932-இல் பாரிஸில் தீட்டிய 'இளம் பெண்கள்' ஓவியத்தில் இருக்கும் இருவரின் பெயரும் தெரியும். தெரிந்திருந்தும் நாம் சரியாகப் பார்ப்பதில்லை என்பதே என் வழக்கு.

சரக்கு எடுக்க டில்லி போனபோது, ஜெய்ப்பூர் ஹவுஸிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இதைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற தமிழம்மா ஒருவர், "அக்கா தங்கச்சி போலிருக்கு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டது வேறு. நல்ல உடையில் நிமிர்ந்து அமர்ந்திருப்பவர் இந்திரா, அம்ரிதாவின் ஓராண்டு இளைய தங்கை. கூந்தல் முகத்தை மறைக்க, உடை நெகிழ்ந்து இருப்பவர் தோழி தெனீஸ். அப்படியானால் அக்கா எங்கே? தூரிகையோடு படத்துக்கு வெளியே நிற்கிறார்.

துணிச்சலும் கூச்சமுமாக இருவரும் அம்ரிதாவின் இரண்டு மனங்களே என்று விமரிசகர்கள் சொல்வதுண்டு. அழகான விளக்கம்தான். ஆனால் அதை அப்படியே ஒப்புக்கொண்டால் இந்திரா என்ற பெண் காணாமல் போய்விடுகிறாரே! இத்தனைக்கும் அவர் இசை பயின்றவர்.

துணி மடிப்பும் மேனியில் விழும் ஒளியும் பாரிஸ் கலைப்பள்ளியின் பாடம். 1934-இல் இந்தியா திரும்பி, பின்னர் அஜந்தாவையும் கண்ட அம்ரிதா அந்த வழியை விட்டு விலகினார். ஆனால் இந்திராவின் அமர்வில் உள்ள சுவாதீனம் எந்தப் பள்ளியும் தருவதல்ல. எதிரே நிற்பது அக்கா என்பதால் வந்தது அது. 1933-இல் இப்படத்துக்குப் பாரிஸ் சலோன் தங்கப் பதக்கம் கொடுத்தது. அதில் தங்கைக்கும் பங்குண்டு என்பேன்.

இதை எனக்குக் கற்பித்தது புத்தகம் அல்ல. என் மூத்த மகள் பள்ளி நாளில் தங்கையை உட்காரவைத்து ஒரு படம் போட்டாள். சட்டம் போட்டுச் சந்தாபுராக் கடையில் மாட்டினேன். வருகிறவர்களிடமெல்லாம் "பெரியவ போட்டது" என்பேன். ஒருநாள் சின்னவள் கேட்டாள்: "ஏம்ப்பா, ரெண்டு மணி நேரம் அசையாம உக்காந்தது நான்தானே?" எனக்குப் பதில் வரவில்லை.

அம்ரிதா 1941-இல் லாகூரில் 28 வயதில் மறைந்தார். அவருடைய கடிதங்களைத் தொகுத்து 2010-இல் இரண்டு பெரிய நூல்களாகத் தந்தவர் ஓவியர் விவான் சுந்தரம் (1943–2023). இந்திராவின் மகன் அவர். அக்காவின் பேரைக் காத்தது தங்கை வீடுதான், பாருங்கள்.

கடையில் அந்தப் படம் இன்றும் இருக்கிறது. கீழே இப்போது இரண்டு பெயர்கள் எழுதியிருக்கிறேன்.