பூட்டிடம் யாரும் கேட்பதில்லை

"குழல் கெட்டி தம்பி. ரீமரை நாலு சுத்து விட்டா அடுத்த சைஸ் தோட்டா தானா உட்காரும்." கொள்ளேகாலிலிருந்து ஹனூர் போகும் வழியில் நிலம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் போன மாதம் என்னிடம் சொன்னது இது. தாத்தா காலத்து ஒற்றைக் குழல் ரைபிள், பயிர்க் காவலுக்கு வாங்கிய லைசென்ஸ், பிலிகிரிரங்கன் மலை வேட்டைக் கதைகள் என மூன்றும் அவரிடம் உண்டு. அவர் சொன்னது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. பழந்துப்பாக்கிப் பிரியர்கள் உலகெங்கும் சொல்லும் வாதம்தான். பழைய ஒற்றைச் சுடு ரைபிளின் தோட்டா அறையைக் குடைந்து பெரிதாக்கினால் செலவில்லாமல் பலம் கூடும் என்பார்கள். இந்த வாதத்தோடு எனக்கு வெகு நாள் வழக்கு.

வாதத்தில் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தேய்ந்து அரித்துப்போன அறையைக் கொஞ்சம் முன்தள்ளிக் குடைந்தால் புது வாய் கிடைக்கும். சந்தையில் தோட்டாவே வராத துப்பாக்கிக்கு உயிரும் வரும். அமெரிக்காவின் லைசில் கில்போர்ன் 1940 வாக்கில் .22 ஹார்னெட் தோட்டாவின் தோளை அகலமாக்கிக் 'கே-ஹார்னெட்' செய்தார். அடிப்பாகத்தின் அளவு மாறவில்லை, வேகம் கூடியது. கெட்டிக்கார வேலைதான். ரூகர் நம்பர் 1 போன்ற இந்தக் காலத்து ஒற்றைச் சுடு ரைபிள்களின் எஃகு இதைவிடப் பெரிய சுமையையும் தாங்கும். அவற்றைப் பற்றி எனக்குப் பேச்சில்லை.

என் சண்டை பழைய துப்பாக்கிகளைக் குறித்து. அங்கே எல்லோரும் குழலைப் பார்க்கிறார்கள், பின்னால் இருக்கும் பூட்டை யாரும் பார்ப்பதில்லை.

தோட்டா வெடிக்கும்போது மருந்துப் புகை குண்டை முன்னே தள்ளுகிறது. அதே அழுத்தத்தோடு பித்தளைக் கூட்டின் அடியைப் பின்னேயும் தள்ளுகிறது. அந்த உதையை வாங்கிக்கொள்வது பூட்டுக் கட்டையும் அதைத் தாங்கும் பாகங்களும். சுடுகிறவரின் முகத்துக்கும் உதைக்கும் நடுவே இருப்பதும் அவைதான். உதையின் அளவு அழுத்தத்தை மட்டும் பொறுத்ததல்ல, கூட்டடியின் பரப்பையும் பொறுத்தது. கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஹார்னெட் கூட்டின் அடி ஏழரை மில்லிமீட்டர். .223 கூட்டின் அடி ஒன்பதரைக்குச் சற்று மேல். பரப்பு மட்டுமே 1.6 மடங்கு. செப்பு உருளையை நசுக்கி அளக்கும் பழைய முறையில் முன்னதன் உச்ச அழுத்தம் 43,000 அலகு, பின்னதன் அழுத்தம் 52,000 அலகு. இரண்டையும் பெருக்கினால் பூட்டின்மேல் விழும் உதை ஏறக்குறைய இருமடங்கு. இரண்டுக்கும் குண்டின் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் குழலைத் தொடவே வேண்டாம், அறையைக் குடைந்தால் போதும். ஆசை காட்டும் இடம் அதுதான். ஹார்னெட் குழல் பூட்டிய சிறிய மார்ட்டினி ரைபிள் ஒன்றில் ஒருவர் இதைச் செய்தால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றுமே மாறியிருக்காது. அந்தப் பூட்டு பயிற்சிப் பையன்களின் .310 ஈயக் குண்டுக்காகப் பிறந்தது. அதன் அனுமதியை யாரும் கேட்கவில்லை.

பதிலுக்கு அமெரிக்கத் துப்பாக்கிக் கம்மியர் பி.ஓ. ஆக்லி பெயரை எடுத்து வருவார்கள். அவர் வின்செஸ்டர் 94 ரைபிள் ஒன்றில் பூட்டுத் தாழையே கழற்றிவிட்டு, பக்கச் சரிவு குறைத்த .30-30 தோட்டாவைச் சுட்டுக் காட்டினார். பித்தளைக் கூடு அறைச் சுவரைக் கவ்விக்கொண்டதால் பூட்டுக்கு உதையே பெரிதாகப் போகவில்லை. நல்ல சோதனைதான். ஆனால் அந்தக் கவ்வலுக்குக் காய்ந்த, சுத்தமான, வழவழப்பில் அளவறிந்த அறை வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருந்தால் கவ்வல் நழுவி உதை முழுதாகப் பின்னால் வரும். நம் பக்கத்தில் ரைபிள் எங்கே இருக்கிறது? பரணில், எண்ணெய்த் துணியில் சுற்றி, ஆடிச் சாரலின் ஈரத்தோடு. ஆக்லி பட்டறையில் ஒரு நாள் நடந்ததை நம் ஊரில் ஆயுள் முழுதும் நடக்கும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

பூட்டு உடைந்து சிதறுவது அரிது, அதை ஒப்புக்கொள்கிறேன். அது மெதுவாகத்தான் தளரும். இப்படிக் குடைந்த ரைபிள் ஒன்றின் சுட்ட கூடுகளை ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்தேன். அடிக்குச் சற்று மேலே, விரல் நகம் தட்டுப்படும் உயரத்தில், தேய்த்துத் துலக்கினாற்போல ஒரு பளபள வளையம். பூட்டு பின்வாங்கும்போது கூடு இழுபட்டு மெலிந்த இடம் அது. இன்னும் சில முறை சுட்டால் அந்த வளையத்தில் கூடு இரண்டாகும். புகையும் பித்தளைத் துகளும் பின்பக்கம் வரும். சொந்தக்காரர் இலக்குத் தாளைக் காட்டிப் பெருமைப்பட்டார். அதில் இரண்டு துளைகள் வட்டமாக இல்லை, சாவித் துவாரம் போல நீண்டிருந்தன. ஹார்னெட் குழலின் வரிப்பள்ளம் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான் சுற்றும். கனமான குண்டை அது நிலைநிறுத்தாது. குண்டு குப்புற விழுந்துதான் தாளைத் துளைத்திருக்கிறது. பலம் கூடிவிட்டதாம்!

இந்தியாவில் குழலைப் பெரிதாக்கிய வரலாறு ஒன்று உண்டு. இந்த ரசிகர்கள் அதைப் படித்தால் நல்லது. 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கென்று வந்த 1858-ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கி பார்வைக்கு என்ஃபீல்டு ரைபிள்தான். ஆனால் வரிப்பள்ளம் கிடையாது, .577 அங்குலக் குழல் .656 ஆகியிருந்தது. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை பின்னாளில் .303 ரைபிள்களின் குழலை .410-க்கு வழவழவென்று குடைந்து, தோட்டாப் பெட்டியை மரக்கட்டையால் அடைத்து, ஒற்றைச் சுடு மஸ்கட் ஆக்கிக் காவல் பணிக்குக் கொடுத்தது. இரண்டு முறையும் துளை பெரிதானது, துப்பாக்கி பலவீனமானது. அதுவே நோக்கமும். ஆள்பவர்கள் துப்பாக்கியைக் குறைக்கச் செய்த காரியத்தை, கூட்டுவதாக நினைத்து நாம் செய்கிறோம்.

அப்படியே செய்தாலும் இஷாப்பூர்க்காரர்கள் அந்த அளவுக்கென்றே தனித் தோட்டா தயாரித்தார்கள், புது முத்திரை குத்தினார்கள். இங்கிலாந்தில் அறையைப் பெரிதாக்கிய துப்பாக்கி மீண்டும் சோதனைச் சாலைக்குப் போய், மிகைத் தோட்டா தாங்கி, முத்திரை வாங்காமல் விலைக்கு வரக்கூடாது. லேத் பட்டறையில் நாலு சுற்றுக்கு எந்த முத்திரை? இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றியமைக்கவுமே தனி உரிமம் வேண்டும். தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கிறார்கள். எழுத்தர் குழலில் பொறித்த எண்ணையும் அளவையும் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பார். பொறிப்பு ஒன்று, அறை வேறொன்று. அவருக்கு அது தெரியாது. நாளை அந்த ரைபிளை வாரிசாகப் பெறும் பேரனுக்கும் தெரியாது. பொறிப்பை நம்பிப் பழைய தோட்டாவைப் போடுவான். அகன்ற அறையில் அது தொளதொளவென்று உட்கார்ந்து வெடிக்கும். துப்பாக்கியைப் பொய் சொல்ல வைத்தவர் அப்போது உயிரோடு இருக்க மாட்டார்.

பெரியவருக்கு வேட்டைக்காரர்கள் மேல் மதிப்பு அதிகம் என்பதால் அவர்களில் ஒருவரையே சாட்சிக்கு அழைக்கிறேன். சாமராஜநகர் பக்கம் மோர்லேயில் இருந்துகொண்டு இதே பிலிகிரிரங்கன் மலையடியில் யானை பிடித்த ஜி.பி. சாண்டர்சன், தன் 12 போர் துப்பாக்கி ஒரு முரட்டு யானையிடம் போதாமல் போனதும் அதைக் குடையக் கொடுக்கவில்லை. ஏழரைக் கிலோ கனத்தில் ஒற்றைக் குழல் 4 போர் ஒன்றைப் புதிதாகச் செய்யச் சொன்னார். அதிலும் குறை கண்டபோது துப்பாக்கித் தயாரிப்பாளர் கிரீனரிடம் இரட்டைக் குழல் 8 போர் வாங்கினார். பெரிய தோட்டாவுக்குப் பெரிய பூட்டும் அதைச் சுமக்கும் கனமும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் கேட்ட பெரியவர், "அப்ப என் ரைபிள் இப்படியே இருக்கட்டும்ங்கிறீங்களா?" என்றார். ஆமாம் ஐயா, இப்படியே. தாத்தா சுட்ட தோட்டாவுக்குத்தான் அந்தப் பூட்டு ஒப்புக்கொண்டிருக்கிறது.