நௌம்பர்க் பரீட்சை: சீடன் ஆசானை முந்திய இடம்

1746 செப்டம்பர் 27. ஜெர்மனியின் நௌம்பர்க் நகரில், புனித வென்செஸ்லாஸ் தேவாலயத்தில் புது ஆர்கன் ஒன்று பரீட்சைக்குத் தயாராக நின்றது. அதைச் சோதிக்க அழைக்கப்பட்டவர்கள் இருவர். ஒருவர் லைப்சிக்கின் இசைத் தலைவர் யோஹான் செபாஸ்டியன் பாக். மற்றவர் சாக்சனி அரசவையின் பட்டம் பெற்ற ஆர்கன் நிர்மாணக் கலைஞர் கோட்ஃப்ரீட் சில்பர்மன். ஆர்கனைக் கட்டியவர் சகரியாஸ் ஹில்டெபிராண்ட். தீர்ப்புச் சொல்ல வந்த இருவரில் சில்பர்மன் அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர். பின்னாளில் அவரோடு வழக்காடியவரும் அவரே.

பரோக் கால ஆர்கன் என்றதும் ரசிகர்கள் முதலில் உச்சரிப்பது சில்பர்மனின் பெயரைத்தான். அதற்குத் தகுதி அவருக்கு நிச்சயம் உண்டு. ஆனால் ஆசான், சீடன் இருவரின் ஆட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பாக்கின் இசைக்கு முழுதாக ஈடுகொடுத்த ஆர்கனைக் கட்டியவர் சீடன்தான் என்பது என் கட்சி.

முதலில் ஆசானின் கணக்கைப் பார்ப்போம். 1683இல் சாக்சனியில், ஃப்ராவென்ஸ்டைன் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர் சில்பர்மன். ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த அண்ணன் ஆந்த்ரேயாஸிடம் தொழில் கற்று 1710இல் ஊர் திரும்பினார். சொந்த மண்ணில் காட்டுவதற்கு அதுவரை ஒரு ஆர்கன்கூடக் கையில் இல்லை. ஆனாலும் அதே ஆண்டு ஃப்ரைபெர்க் பேராலயத்தின் பெரிய ஆர்கன் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 27 வயது இளைஞருக்கு மூன்று கீபோர்டும் மிதிகட்டைகளும் 44 ஸ்டாப்களும் (தனித்தனி நாதம் தரும் குழாய் வரிசைகள்) கொண்ட பெரும்பணி! 1714இல் முடித்துக் கொடுத்தார். முன்னூறு ஆண்டுகளைத் தாண்டி அது இன்றும் ஒலிக்கிறது. முதல் பெரிய ஆட்டத்திலேயே இப்படிச் சாதித்தவர்கள் எந்தத் துறையிலும் குறைவு.

அதன்பின் ஏறக்குறைய 40 ஆண்டுகள் அவரிடம் சறுக்கல் என்று சொல்ல எதுவும் இல்லை. கிராமக் கோயிலுக்கு ஒரு கீபோர்டு, சிறு நகரத்துக்கு இரண்டு, பேராலயத்துக்கு மூன்று என்று அளவுகளைத் திட்டமாக வகுத்துக்கொண்டார். சோதித்துத் தேர்ந்த குழாய் அளவுகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். தரமான ஈயமும் வெள்ளீயமும், உறுதியான மரவேலை, சொன்னபடி செய்து கொடுக்கும் நாணயம். விலை அதிகம் என்று தெரிந்தும் ஊர்கள் அவரைத் தேடி வந்தன. கட்டியவை 50க்குச் சற்றுக் குறைவு. 30 அளவில் இன்றும் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே சாக்சனி எல்லைக்குள்.

இங்கேதான் அலசல் தொடங்க வேண்டும். பழகிய ஆடுகளத்தில் மட்டும் ஆடிச் சதம் மேல் சதம் குவிக்கும் மட்டையாளரைப் போன்றது சில்பர்மனின் சாதனைப் பட்டியல். எண்கள் மலைக்க வைக்கும். களம் மாறினால் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் எஞ்சி நிற்கும்.

அந்தக் கேள்விக்கான விடை சுருதியில் இருக்கிறது. பாடகர் குரலை வளைக்கலாம், வீணையில் தந்தியை இழுக்கலாம். ஆர்கன் குழாய் வளையாது. பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் கட்டும்போதே உறைந்துவிடும். சில்பர்மன் பழைய முறையைச் சார்ந்து சுருதி சேர்த்தார். சி மேஜர், ஜி மேஜர், எஃப் மேஜர் போன்ற அண்மையான ஆதாரங்களில் அது இனிக்கும். ஏ ஃப்ளாட் போன்ற தொலைவான ஆதாரங்களுக்குப் போனால் காது கூசும். 1748இல் கேயார்க் ஆந்த்ரேயாஸ் சோர்கே என்ற இசையறிஞர் இதை வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். சில்பர்மனுக்குப் பிடிவாதம் அதிகம். அவர் செய்த பியானோவில் மேல் ஸ்தாயி மெலிவாக இருக்கிறது, கட்டைகள் அழுத்தக் கடினமாக இருக்கின்றன என்று பாக் சொன்னபோது கடுங்கோபம் கொண்டார் என்று பாக்கின் மாணவர் அக்ரிகோலா பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் பல ஆண்டுகள் உழைத்து அந்தக் குறையைத் தீர்த்து, பாக்கின் வாயாலேயே பாராட்டு வாங்கினார். பியானோவில் இறங்கி வந்தவர் ஆர்கன் சுருதியில் மட்டும் இறங்கி வரவில்லை.

சீடனின் கதை வேறு. 1688இல் சிலேசியாவில் பிறந்த ஹில்டெபிராண்ட் 1713இல் சில்பர்மன் பட்டறையில் சேர்ந்தார். தொழில் கற்றுத்தர ஆசான் போட்ட நிபந்தனை கடுமையானது: சாக்சனியிலோ, அண்ணன் தொழில் நடத்தும் அல்சாஸிலோ எனக்குப் போட்டியாக வரக்கூடாது. 1720களில் ஹில்டெபிராண்ட் சொந்தமாக வேலை பிடிக்கத் தொடங்கியதும் தகராறு முற்றியது. சில்பர்மன் வேண்டாம் என்று விட்ட வேலைகளை மட்டும் அவர் எடுக்கலாம் என்பதில் வந்து முடிந்தது சமரசம். திறமை முழுதாக விளைந்த வயதில் ஒரு கலைஞனுக்கு மிச்சம் மீதிதான் என்று எழுதி வைப்பது கொடுமை. சில்பர்மன் மீது எனக்குள்ள மரியாதை அந்த ஒப்பந்தத்தை நியாயப்படுத்தப் போதவில்லை.

ஹில்டெபிராண்ட் சொந்தமாகக் கட்டியவற்றில் பாக்கின் கண்ணில் பட்டது ஒன்று. லைப்சிக் அருகே ஸ்டோர்ம்தால் என்ற சிற்றூரில் ஹில்டெபிராண்ட் கட்டிய சிறிய ஆர்கனை 1723 நவம்பரில் பாக் சோதித்துத் தொடங்கி வைத்தார். அந்த உறவு நீடித்தது. பிற்பாடு லைப்சிக்கிலேயே குடியிருந்த ஹில்டெபிராண்டைக் கொண்டு, லூட் என்ற தந்தி வாத்தியத்தின் நாதம் தரும் கீபோர்டு வாத்தியம் ஒன்றைத் தன் யோசனைப்படி பாக் செய்து வாங்கினார். ஆசானின் பட்டறையில் கிடைக்காத ஒரு பயிற்சி இவருக்குக் கிடைத்தது: எழுதுபவனின் காது என்ன கேட்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து தெரிந்துகொள்வது.

நௌம்பர்க்கில் அது பலித்தது. வேலை 1743இல் தொடங்கியது. பழைய ஆர்கனின் அலங்காரக் கூடு அப்படியே இருந்தது. அதற்குள் 53 ஸ்டாப்களை அடக்கினார். வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால், மாடத்தின் கைப்பிடிச் சுவரில் தனிப்பெட்டியாக நிற்கும் பின்பகுதி ஒன்றும் உண்டு. ஆசான் ஃப்ரைபெர்க்கில் வைக்காத அமைப்பு அது. மிதிகட்டையில் 32 அடி போசவ்னே என்ற ஸ்டாப். அதன் அடிநாதம் விநாடிக்குச் சுமார் 16 அதிர்வு, அதாவது மனிதக் காது எட்டும் கீழ் எல்லைக்குப் பக்கம். இன்னொரு பக்கம் ‘ஊண்டா மாரிஸ்’ என்ற மென்மையான ஸ்டாப். இதன் குழாய்களை மற்றவற்றிலிருந்து மயிரிழை விலக்கிச் சுருதி சேர்ப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நாதம் அலையலையாக மிதக்கும். வில் வாத்தியங்களின் கரகரப்பைக் கொண்டுவரும் காம்பா வகைக் குழாய்களும் உண்டு. சுருதியோ நைட்ஹார்ட் என்ற இசையறிஞர் வகுத்த முறையைத் தழுவியது. பாக்கின் மருமகன் அல்ட்நிக்கோல் 1748இல் இங்கே ஆர்கனிஸ்ட் ஆனார். காது எங்கும் உறுத்தாமல் எல்லா ஆதாரங்களுக்கும் போய்வரலாம் என்று அவர் சான்று தந்திருக்கிறார். சில்பர்மன் வாத்தியத்தைப் பற்றி அப்படி எழுதியிருக்க முடியாது.

பாக் ஆர்கனைச் சோதிக்கும் விதம் பற்றி அவர் மகன் எழுதியிருக்கிறார். முதல் காரியமாக எல்லா ஸ்டாப்களையும் இழுத்துவிட்டு, விரல்கள் கொள்ளுமளவு ஸ்வரங்களை நிறைத்து வாசிப்பார். துருத்தியில் காற்று தாங்குகிறதா, நுரையீரல் பலமாக இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். கட்டியவர்கள் முகம் வெளுத்துப் போவதும் உண்டாம். அப்படிப்பட்டவரும் ஹில்டெபிராண்டின் பழைய எதிராளியும் சேர்ந்து நௌம்பர்க்கில் எழுதிக் கொடுத்த அறிக்கை சுருக்கமானது. ஒப்பந்தப்படி எல்லாம் இருக்கிறது. ஆனால் குழாய்களின் ஒலிச் சமன்பாட்டுக்காகவும் கட்டைகள், ஸ்டாப்களின் இயக்கத்துக்காகவும் ஒவ்வொரு ஸ்டாப்பாக இன்னொரு முறை பார்த்துச் சீர் செய்ய வேண்டும் என்பது சாரம். தேர்ச்சி உண்டு, சலுகை இல்லை. குழாயின் வாயைக் கத்தி நுனியால் திருத்தி, அடித்துவாரத்தை இம்மியளவு விரித்தோ சுருக்கியோ ஒவ்வொன்றையும் பேச வைப்பதுதான் ஒலிச் சமன்பாட்டு வேலை. சில்பர்மனின் பலமே அந்தச் சமன்பாடுதான். ஃப்ரைபெர்க்கில் ஒரு ஸ்டாப்பின் அடிக்குழாய் முதல் நுனிக்குழாய் வரை ஒரே குரல் கேட்கும். அந்த ஒரு பிரிவில் ஆசானுக்கே முதல் மதிப்பெண்.

1750க்குப் பிறகு பகை தீர்ந்து, டிரெஸ்டன் அரசவைக் கத்தோலிக்க ஆலயத்தின் ஆர்கனில் இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். 1753 ஆகஸ்டில் சில்பர்மன் காலமானார். 1755இல் அதை முடித்துக் கொடுத்தவர் ஹில்டெபிராண்ட். இரண்டு ஆண்டில் அவரும் மறைந்தார். டிரெஸ்டன் ஃப்ராவென்கிர்ஷே தேவாலயத்தில் சில்பர்மன் கட்டி, 1736இல் பாக் வாசித்த ஆர்கன் 1945 குண்டுவீச்சில் அழிந்தது. அரசவை ஆலயத்தின் குழாய்களோ முன்கூட்டியே அகற்றப்பட்டதால் தப்பின.

நௌம்பர்க் ஆர்கனை பவுட்சனின் ஆய்லே நிறுவனம் 2000இல் பழைய நிலைக்குப் புதுப்பித்து முடித்தது. பாக்கின் ஜி மைனர் ஃபேன்டசியாவை ஃப்ரைபெர்க்கிலும் நௌம்பர்க்கிலும் வாசித்த இரண்டு பதிவுகளைத் தேடிப் பிடித்து அடுத்தடுத்துக் கேளுங்கள். ஸ்வரங்கள் தொலைவான ஆதாரங்களுக்குத் தாவும் இடங்களில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தெளிவுக்கு ஃப்ரைபெர்க், பாக்குக்கு நௌம்பர்க் என்பதே என் தீர்ப்பு.