நர்ஸம்மாவுக்கா, மேலிடத்துக்கா?

கம்ப்யூட்டர் வந்துவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோட்டுப் புத்தகம் போய்விடும் என்பதுதான் மின்னணு மருத்துவப் பதிவுத் திட்டங்கள் வழக்கமாகத் தரும் வாக்கு. நடப்பது வேற. நோட்டும் இருக்கு, கம்ப்யூட்டரும் இருக்கு. ரெண்டிலும் எழுதுவது அதே கிராம சுகாதார செவிலியர்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி 2008-லேயே வந்துவிட்டது. பதிவு செய்தால் 12 இலக்க ஆர்.சி.எச். எண் கிடைக்கும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அது வேணும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் வேணும். அதனால் பதிவு செய்யாமல் யாரும் எளிதில் விட்டுப்போக மாட்டார்கள். இது சின்ன சாதனை இல்லை.

ஆனால் பதிவுக்கு ரெண்டு வேலை உண்டு. ஒன்று, மேலே கணக்குச் சொல்வது. இன்னொன்று, எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றிச் சொல்வது. ரெண்டும் ஒன்றல்ல.

ஒரு உதாரணம் பாருங்க. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 7 முதல் 9.9 வரை இருந்தால் அது மிதமான ரத்தசோகை. ஒருத்திக்குப் போன மாசம் 9.5, இந்த மாசம் 7.5. ரெண்டு தடவையும் அவள் அதே கட்டத்தில்தான் விழுகிறாள். கணக்கில் மாற்றமே இல்லை. உடம்பிலோ பெரிய சரிவு. பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தால் தாங்க மாட்டாள். இந்தச் சரிவு நர்ஸம்மா கண்ணில் படணும். மாசக் கடைசியில் நோட்டைப் பார்த்து மொத்தமாக ஏற்றும் பதிவு அதற்கு உதவாது.

தலைப்பிரசவத்துக்கு அவள் தாய் வீட்டுக்குப் போவாள். மின்னணுப் பதிவு உண்மையிலேயே கைகொடுக்க வேண்டிய இடம் அதுதான். அந்த ஊர் நர்ஸம்மா திரையைப் பார்க்கிறாரா, அவள் கையில் கொண்டுவந்த அட்டையைப் பார்க்கிறாரா? அட்டையைத்தான் என்றால், அத்தனை தட்டச்சும் யாருக்காக?

கென்யாவின் மொசோரியட் கிராம சுகாதார நிலையத்தில் 2001-ல் மின்னணுப் பதிவு தொடங்கியபோது, வைத்தியம் பார்ப்பவர் காகிதப் படிவத்தில் எழுதினார். கணினியில் ஏற்றியது எழுத்தர். தட்டச்சை வைத்தியம் பார்ப்பவர் தலையில் கட்டவில்லை.

நான் கேட்பதும் பெரிசா ஒன்றுமில்லை. கடைசி மூன்று பரிசோதனைகளை ஒரே திரையில் காட்டுங்கள். பதிவேற்ற ஒரு ஆள் கொடுங்கள். புதுசா ஒரு திரை வந்தால் பழைய நோட்டு ஒன்றை நிறுத்துங்கள். இதற்குப் பிறகு அடுத்த செயலியைப் பற்றிப் பேசலாம்.