கருணைக்கு எத்தனை மார்க்?

‘அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்தால் உங்கள் மனம் இளகுமா?’ என்று கேட்டு, எதிரே ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டுக் கொடுத்தால் எதை டிக் பண்ணுவீர்கள்? ‘ஒன்று’ போட்டு, ‘நான் கல்நெஞ்சன்’ என்று வாக்குமூலம் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

கல்லூரி மாணவர்களை சமூகத் தொழில்முனைவுப் பக்கம் இழுப்பது எது என்று ஆராய்கிறவர்கள் பலரும் ஏறக்குறைய இப்படித்தான் கேட்கிறார்கள். (பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஊர்ப் பிரச்னை ஒன்று தீரணும். அதே வேலையில் கல்லாவும் நிரம்பணும். அவ்வளவுதான்.) இதற்கு அஸ்திவாரம் போட்டது யோஹானா மைர், எர்னஸ்டோ நொபோவா இருவரும் 2006-ல் எழுதிய கட்டுரை. இரக்கம், நியாய உணர்வு, ‘என்னால் முடியும்’ என்கிற தெம்பு, கைகொடுக்க நாலு பேர் - இதெல்லாம் சேர்ந்தால் எண்ணம் பிறக்கிறது என்றார்கள். 2017-ல் காய் ஹாக்கெர்ட்ஸ் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்: பிரச்னையைக் கிட்டத்தில் பார்த்த அனுபவம். எல்லாவற்றிலும் தெம்புக்குத்தான் பலம் அதிகம், அந்தத் தெம்பை வளர்ப்பதும் அனுபவமே என்றது அவர் ஆய்வு.

அனுபவம் என்ற அளவில் எனக்குச் சம்மதம். ஸாம் கோல்ட்மேன் என்ற அமெரிக்க இளைஞர் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் தொண்டராக இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பையன் மண்ணெண்ணெய் விளக்கு சாய்ந்து மோசமாக வெந்துபோனான். பிற்பாடு ஸ்டான்ஃபோர்டில் படிக்கப் போன கோல்ட்மேன், வகுப்புத் தோழருடன் சேர்ந்து ஆரம்பித்ததுதான் ‘டி.லைட்’ என்ற சோலார் விளக்கு கம்பெனி. வெந்த பையனைப் பார்த்தவருக்கு எந்தப் படிவமும் தேவைப்படவில்லை.

தகராறு எங்கே என்றால், இவர்கள் எண்ணத்தை அளக்கிறார்கள், பாக்கெட்டை அளப்பதில்லை. நான் பி.காம். படித்தவன். யார் எந்த நல்ல காரியம் செய்தாலும், ‘முதல் எங்கேயிருந்து வந்தது?’ என்றுதான் புத்தி போகிறது. 1976-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் வங்கதேசத்தில் முகமது யூனுஸ், ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு மொத்தமாக 27 டாலர் கடன் கொடுத்தார். அப்போது அவர் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கும் பேராசிரியர். அதே வருஷம் மதுரையில் டாக்டர் கோ.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற 58 வயதுக்காரர். வீட்டை அடகு வைத்தார்; அடகு வைக்க வீடு இருந்தது!

இப்போது ராஜபாளையத்துக்கு வாருங்கள். அப்பா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறார், பையன் கடைசி வருஷம் படிக்கிறான் என்று வையுங்கள். கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஒரு வருஷம்தான் பொதுவாக அவகாசம். அதற்கப்புறம் தவணை. பின்னாலேயே கல்யாணத்துக்கு நிற்கும் தங்கச்சி. இவனுக்கு இரக்கம் கம்மியா என்ன? கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலைக்கு அவன் சென்னை பஸ் ஏறினால், ‘உந்துதல் இல்லை’ என்று எழுதிவிடுவதா?

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பையனுக்குப் பாடம் நடத்தக் கலிஃபோர்னியாவுக்குப் போகவே வேண்டாம். ராஜபாளையத்தில் பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-ல் மில் ஆரம்பித்தார். அவர் பெயரில் பாலிடெக்னிக் இருக்கிறது. முதலில் சம்பாதி, பிறகு ஊருக்குச் செய் என்பது ஒரு வழி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறு வழி. மாடு வைத்திருப்பவர்கள் உறுப்பினர்களாகச் சேர்ந்த கூட்டுறவு பால் சங்கம், அதே பாலில் பால்கோவா கிண்டி விற்கிறது. இங்கே தொழிலின் அமைப்பிலேயே ஊர் உட்கார்ந்திருக்கிறது. லாபம் வந்த பிறகு தனியாகத் தர்மம் பண்ண வேண்டியதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பால்கோவாவை நம் பையன்கள் பொட்டலம் பொட்டலமாகத் தின்றிருப்பார்கள். எத்தனை பேருக்கு அதன் கணக்கு தெரியும்?

அனுபவம்தான் தெம்பு தருகிறது என்றால், கல்லூரி அதைக் கொடுக்க வேண்டாமா? நாட்டு நலப்பணித் திட்டம் 1969-லிருந்து இருக்கிறது. வருஷத்துக்கு 120 மணி நேரம், ஏழு நாள் முகாம். பல ஊரில் அந்த ஏழு நாளும் பார்த்தீனியம் பிடுங்குவதிலும் கோயில் சுவருக்கு வெள்ளையடிப்பதிலும் போய், கடைசி நாள் குரூப் போட்டோவோடு முடிகிறது. அடுத்த வருஷம் வேறு ஊர், வேறு சுவர். ஒரே கிராமத்துக்கு மூன்று வருஷமும் போனால்தானே அங்கே யாருக்கு என்ன வலி என்று தெரியும்?

பணத்துக்கும் வழி இல்லாமல் இல்லை. 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் இரண்டு சதவிகிதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழித்தாக வேண்டும். அரசு ஆதரவுள்ள தொழில் ஊக்குவிப்பு மையங்களுக்குக் கொடுப்பதும் அதில் சேரும். அந்த வழியாக ஒரு மாணவனின் முதல் இரண்டு வருஷ வீட்டுச் செலவைத் தாங்க முடியுமா என்று பேசலாம். பரிசுக் கோப்பையும் பொன்னாடையும் தவணை கட்டாது.

அதுவரைக்கும் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. அந்தப் பால் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை வாங்கி, பக்கத்துக் கல்லூரி பி.காம். வகுப்பில் பாடமாக வைக்க யாராவது ஒரு பேராசிரியர் கேட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு என்ன விலை, விறகுக்கு எவ்வளவு, சர்க்கரைக்கு எவ்வளவு, போனஸ் எவ்வளவு என்று பையன்களே உட்கார்ந்து கூட்டிப் பார்க்கட்டும்.