போபோல் வூவும் விவிலியச் சாயலும்

நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டுக் கீச்சே மாயர்தம் படைப்புக் கதையைக் கூறும் நூல் போபோல் வூ. ஸ்பானியர் அந்நாட்டை வென்றபின், 16ஆம் நூற்றாண்டின் நடுவில், கீச்சே மொழியில் உரோமன் எழுத்தால் எழுதப்பெற்றது. இருளும் நீரும் மட்டுமே இருந்த காலத்தில் தெய்வங்களின் சொல்லால் நிலம் தோன்றிற்று என அது தொடங்குதலின், அது விவிலியத்தின் சாயலே என்பாரும் உளர். அவர் கூற்றினை ஈண்டு ஆராய்வாம்.

கிறித்துவம் பரவிய காலத்தில் எழுதுவதாக நூலே கூறுதலின், சொல்லளவில் சாயல் படிந்திருத்தல் கூடும். ஆயின் கதையின் அமைப்பு வேறு. தெப்பேவு, குகுமட்ஸ் முதலிய தெய்வங்கள் பலர் கூடி ஆய்ந்தே படைக்கின்றனர், படைத்தும் தவறுகின்றனர். மண்ணாலான உடல் கரைந்தது. மரத்தாலான மாந்தர் படைத்தோரை நினையாமையின் வெள்ளத்தால் அழிந்தனர். மக்காச்சோளத்தாலான நால்வரே நிலைபெற்றனர்.

அவ்வெள்ளமேனும் விவிலியத்தினின்று வந்ததன்றோ எனின், அங்ஙனம் துணிதற்கில்லை. மாயரோடு பண்பாட்டுத் தொடர்புடையோர் மெக்சிகோவின் அஸ்தெக்கர். 1521இல் அவர்தம் தலைநகர் வீழ்வதற்கு முன்பே செதுக்கப்பெற்று, 1790இல் மெக்சிகோ நகரில் வெளிப்பட்ட ஞாயிற்றுக்கல், முன்னர் அழிந்த நான்கு உலகங்களின் குறிகளைத் தாங்கியுள்ளது. அவற்றுள் ஒன்று நீரால் அழிந்த உலகம்.

ஆகவே, படைப்பும் அழிவும் மீண்டும் மீண்டும் நிகழும் என்னும் கொள்கை அந்நிலத்துப் பழங்கொள்கையே எனத் தெளிகின்றோம். தொடக்கத்து ஒப்புமை ஒன்றே கொண்டு நூல் முழுதும் கடன் என்றல், அம்மக்களின் சிந்தனையை அவர்க்கு இல்லையாக்குவதாம். ஒப்பியல் ஆய்வார் தொடரையன்றிக் கதையின் அமைப்பையும் நோக்குதல் வேண்டும் என்பதே எம் கருத்து.